மேற்கே நீண்ட கம்பி

காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்த மொழி தமிழ். கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல், தெற்கேயிருந்து தென்றல், மேற்கேயிருந்து கோடை, வடக்கேயிருந்து வாடை. நம் நாட்டில் இவை ஒன்றுக்கொன்று இடம்விட மாதக்கணக்கில் ஆகும். வட அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், அதற்கு வடக்கே கடல்போல் விரிந்து கிடக்கும் ஐந்து பேரேரிகளின் கரையிலும், செப்டம்பர் மாதத்தின் ஒரே பிற்பகலில் தென்றல் வாடையாகிவிடும். முதலில் இரண்டு நாள் புழுக்கம். தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வீச, காற்றழுத்தமானி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பிறகு மேற்கு அடிவானத்தில் கருமேகம் சுவர்போல் எழும்பும். இடியோடு மழை கொட்டும்போதே காற்று வடமேற்குக்குத் திரும்பிவிடும்; வெப்பநிலை சரசரவென்று விழும். மழை விட்டதும் வானம் கழுவிவிட்டதுபோல் தெளியும், காற்றழுத்தமானி ஏறத் தொடங்கும். குளிர் வளிமுகம் கடந்துவிட்டது என்று இன்றைய வானிலையாளர் இதைச் சொல்வார். அந்தக் கரையில் வாழ்கிறவருக்கோ கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. இந்தத் தெளிவு எத்தனை நாள் நிற்கும்? ஏரியில் கப்பலை இறக்கலாமா? உறைபனி இன்று இரவா, நாளை இரவா?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு வட்டாரம் முழுவதற்கும் சேர்த்துப் பதில் சொல்லும் வழக்கம் எப்போது, எதனால் பிறந்தது? பாடநூல்கள் சொல்லும் கதையில் விடை நார்வேக்குப் போகும். முதல் உலகப் போரின் இறுதியில் பெர்கன் நகரத்து அறிஞர்கள் வளிமுகம் என்ற கருத்தைக் கண்டார்கள், அதிலிருந்தே நம்பத்தகுந்த முன்னறிவிப்பு தொடங்கியது என்பார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். வளிமுகம் கடந்த பின் என்ன நடக்கும் என்று ஊருக்குச் சொல்லும் தொழில், அந்தப் பெயர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே பேரேரிக் கரைகளில் நடந்துகொண்டிருந்தது. அதைச் சாத்தியமாக்கியது மேற்கு நோக்கி நீண்ட தந்திக் கம்பி. அந்தக் கம்பி மேலும் நீள வழியில்லாத இடத்தில்தான் கோட்பாடு பிறந்தது.

அறிவு முன்பே இருந்தது என்பதற்கு 1836 டிசம்பர் 20 சாட்சி. அன்று இல்லினாய் சமவெளியில் மழையில் நனைந்துகொண்டிருந்தவர்கள்மேல் வாடை பாய்ந்து, சேறு நிமிடங்களில் இறுகி, உடுத்திய துணி உடம்பிலேயே விறைத்ததைக் குடியேறிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ஒஹையோ மாநிலத்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த இலையஸ் லூமிஸ் அந்தப் புயலுக்கான அளவீடுகளை நாடெங்கும் இருந்து கடிதம் எழுதிச் சேகரித்தார். வடமேற்கிலிருந்து வந்த கனத்த குளிர்காற்று, தெற்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்றின் அடியில் ஆப்புபோல் நுழைந்து அதை மேலே தூக்கியெறிகிறது என்று படம் போட்டே காட்டினார். இன்றைய பாடநூலில் இருக்கும் குளிர் வளிமுகப் படத்துக்கும் அதற்கும் வேறுபாடு பெரிதில்லை. ஆனால் அவருடைய கட்டுரை அச்சேறியபோது ஆண்டு 1841. புயலைப் பற்றிய உண்மை புயலைவிட மெதுவாகப் பயணம் செய்த காலம் அது. குதிரைவண்டியில் வரும் கடிதத்தைப் புயல் எளிதாக முந்திவிடும். லூமிஸிடம் குறைந்தது அறிவு அல்ல, வேகம்.

வேகத்தைக் கொண்டுவந்தது தந்தி. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த இயற்பியலாளர் ஜோசஃப் ஹென்றி, 1840களின் இறுதியில் தன்னார்வப் பார்வையாளர்களைத் திரட்டத் தொடங்கினார். தந்தி அலுவலகங்கள் காலையில் வேலையைத் தொடங்கும்போது தங்கள் ஊர் வானிலையைச் சொல்லிவிட்டுத் தொடங்க ஏற்பாடு செய்தார். 1856 முதல் நிறுவனத்தின் கூடத்தில் பெரிய தேசப்படம் ஒன்று தொங்கியது. ஊர்களின்மேல் அன்றைய வானிலையைக் காட்டும் வண்ணக் குறிகள். சில ஆண்டுகளில் அங்கிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. காலையில் சின்சினாட்டியின்மேல் மழைக்குறி தொங்கினால், ஏறத்தாழ 12 மணி நேரத்தில் வாஷிங்டனில் மழை. இந்த அனுமானத்துக்குக் கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. நடு அகலாங்குகளில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது. மேற்கே இருப்பவர் இன்று அனுபவிப்பதைக் கிழக்கே இருப்பவர் நாளை அனுபவிப்பார். இதைத் தெரிந்துகொள்ள மேற்கே ஒரு கண்ணும் அந்தக் கண்ணிலிருந்து வரும் கம்பியும் போதும். உள்நாட்டுப் போர் அந்தக் கம்பிகளை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டது. ஹென்றியின் ஏற்பாடு குலைந்தது.

விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் கிளீவ்லாந்து ஆபி. 1868இல் சின்சினாட்டி வானாய்வகத்தின் இயக்குநராக வந்தபோது அவருக்கு 29 வயது. நட்சத்திரங்களைப் பார்க்க வந்தவர், நகரத்து வணிகர் சங்கத்திடம் வானிலைத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அந்த ஊர் வணிகர்கள் அதற்குச் செவிகொடுத்ததில் வியப்பில்லை. சின்சினாட்டி பன்றி இறைச்சியை உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்கும் தொழிலால் வளர்ந்த நகரம். குளிரூட்டும் இயந்திரம் பரவாத காலத்தில் வாடை நிலைத்த பிறகுதான் அந்தத் தொழிலைத் தொடங்க முடியும். ஆற்றுப் படகுகளுக்கோ நீர்மட்டம் தெரிய வேண்டும். வணிகர்கள் பணம் கொடுத்தார்கள், தந்தி நிறுவனம் கம்பியைக் கொடுத்தது. 1869 செப்டம்பர் 1 அன்று, இலையுதிர்காலத்தின் வாசலில், ஆபியின் முதல் வானிலை அறிக்கை வெளியானது. அவர் அதில் சொன்னதை ‘சாத்தியங்கள்’ என்றே அழைத்தார். மக்கள் அவருக்குச் ‘சாத்தியக் கிழவர்’ என்று செல்லப்பெயர் சூட்டினார்கள், கிழவராகும் வயது வருவதற்கு வெகு முன்பே. அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். தனக்குத் தெரிந்ததன் எல்லையை முதல் சொல்லிலேயே ஒப்புக்கொண்ட தொழில் அது. பின்னர் இந்தப் பணியை ஏற்ற அரசுத் துறை 1876இல் அதை ‘அறிகுறிகள்’ என்றும் 1889இல் ‘முன்னறிவிப்புகள்’ என்றும் மாற்றியது. ஒவ்வொரு மாற்றத்திலும் குரலில் உறுதி ஏறியது.

நாடு தழுவிய ஏற்பாட்டுக்கு வழிவிட்டது பேரேரிகளில் போன உயிர்கள். 1868இல் அங்கே 1,164 கப்பல் விபத்துகளில் 321 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு 1,914 விபத்துகள், 209 உயிர்கள். மில்வாக்கியின் இயற்கை ஆய்வாளர் இன்க்ரீஸ் லாப்பம் இந்தக் கணக்குகளைத் திரட்டிக்கொண்டு தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஹால்பர்ட் பெய்னிடம் போனார். பெய்னுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரியில் அதே லூமிஸிடம் படித்தவர். 1841இல் தாமதமாக வந்து சேர்ந்த உண்மை, மாணவர் ஒருவரின் நினைவில் தங்கியிருந்து கடைசியில் சட்டமாயிற்று. 1870 பிப்ரவரி 9 அன்று அதிபர் கிராண்ட் கையெழுத்திட்டார். ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவும் அதன் தலைவர் ஆல்பர்ட் மையரும் பொறுப்பேற்றார்கள். நவம்பர் 1 அன்று 24 நிலையங்களில் சார்ஜெண்டுகள் ஒரே நேரத்தில் காற்றழுத்தமானியைப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, சயன்னிலும் ஒமாஹாவிலும் பலத்த காற்று என்ற செய்தியை வைத்துக்கொண்டு, சிகாகோவிலிருந்து லாப்பம் பேரேரிகளுக்கு முதல் புயல் எச்சரிக்கையை அனுப்பினார்.

‘ஒரே நேரத்தில்’ என்று எளிதாக எழுதிவிடுகிறோம். அன்று ஒவ்வோர் ஊருக்கும் அதன் சூரியன்தான் கடிகாரம்; சிகாகோவின் நண்பகல் வேறு, வாஷிங்டனின் நண்பகல் வேறு. ஊர்நேரப்படி ஏழு மணிக்கு எல்லோரும் அளந்தால் படத்தில் விழுவது ஒரே வானம் அல்ல, அடுத்தடுத்த வானங்களின் துண்டுகள். மணிக்கு 50 கிலோமீட்டர் நகரும் ஒரு வளிமுகத்தை அப்படிப்பட்ட படத்தில் பிடிக்க முடியாது. அதனால் எல்லா நிலையங்களும் வாஷிங்டன் நேரத்துக்குக் கட்டுப்பட்டன. ஊர்க் கடிகாரம் எதைக் காட்டினாலும் சார்ஜெண்ட் அந்தக் கணத்தில் எழுந்து அளக்க வேண்டும். பொது நேரம் வேண்டும் என்று 1879இல் விரிவான அறிக்கை எழுதியவர்களில் ஆபியும் முன்நின்றவர். 1883 நவம்பரில் ரயில் நிறுவனங்கள் நேர மண்டலங்களுக்கு மாறின. வளிமுகத்தின் உருவம் அறிஞர் ஒருவரின் மனத்தில் தெளிவாவதற்கு முன், இந்த ஒழுங்கில் காகிதத்தின்மேல் தானாகவே படிந்துகொண்டிருந்தது.

படிந்ததை வேலை செய்கிறவர்களின் கண்ணுக்கு எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதில்தான் என் வாதத்துக்கு மிக உறுதியான சான்று இருக்கிறது. புயல் வருகிறது என்றால் துறைமுகத்தில் நடுவே கருஞ்சதுரம் கொண்ட செங்கொடி ஏறும். சில ஆண்டுகளில் அதற்குமேல் இன்னொரு கொடி சேர்ந்தது: நடுவே கருஞ்சதுரம் கொண்ட வெண்கொடி. இரண்டும் சேர்ந்து பறந்தால், புயலின் நடுப்பகுதி கடந்துவிட்டது, இனிக் காற்று வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ பலமாக வீசும் என்று பொருள். இரவில் செவ்விளக்கின்மேல் ஒரு வெள்ளை விளக்கு. வளிமுகம் கடந்த பின் இருக்கும் வானிலை என்று இன்று எதைச் சொல்கிறோமோ, அதற்கென்று ஒரு தனிக் கொடி! பெயரில்லாத ஒன்றுக்கு அடையாளம் இருந்தது. அந்த அடையாளத்தைப் பார்த்து மாலுமி எந்தக் கரையோரம் ஒதுங்குவது என்று முடிவு செய்தார். ஊர்களில் வெண்கொடி தெளிந்த வானத்துக்கு, நீலக்கொடி மழைக்கு, கறுப்பு முக்கோணம் வெப்பநிலைக்கு: மேலே கட்டினால் வெப்பம் கூடும், கீழே கட்டினால் குறையும். நீலக்கொடி இறங்கி, வெண்கொடியும் அதன் கீழ் கறுப்பு முக்கோணமும் ஏறினால், எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் அடுத்த நாள் புரிந்துவிடும். 1880களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலத்தின் வானிலைப் பணியை நடத்திய டி. சி. மெண்டன்ஹால் இந்த அடையாளங்களை ரயில் பெட்டிகளிலேயே மாட்டி ஓடவிட்டார். கம்பி எட்டாத வயல்களுக்கு ரயில் வானிலை சொல்லிக்கொண்டு போயிற்று.

முன்னறிவிப்பை முதலில் அச்சிட்டது இங்கிலாந்து அல்லவா என்று கேட்பார்கள். உண்மைதான். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் ஆங்கிள்சீ கரையில் உடைந்து 450 பேர்வரை இறந்த பின், கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய் எச்சரிக்கை முறையை உருவாக்கினார். 1861 ஆகஸ்டில் டைம்ஸ் நாளிதழில் அவருடைய முன்னறிவிப்பு வந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை வானிலைக்கு வழங்கியவரே அவர்தான். ஆனால் அவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். முன்னறிவிப்புகள் தவறின, ஏளனம் வந்தது, 1865இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார், அடுத்த ஆண்டு பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு நிறுத்தப்பட்டது. ஃபிட்ஸ்ராய் ஆபியைவிடத் திறமை குறைந்தவர் அல்ல. கடலை ஆபியைவிட அதிகம் அறிந்தவர். அவருக்கு மேற்கே அயர்லாந்தின் கரையோடு கம்பி முடிந்தது. அதற்கு அப்பால் அட்லாண்டிக். அங்கே புயல் எத்தனை நாள் வளர்ந்தாலும் சொல்ல ஆளில்லை. புயல் கரையைத் தொட்ட பிறகுதான் அவருக்குச் செய்தி வரும். ஆபிக்கு மேற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நிலம் இருந்தது. அறிவிலும் துணிவிலும் ஃபிட்ஸ்ராயே முன்னவர். அவரை வீழ்த்தியது வரைபடத்தின் இடது ஓரம்.

அந்த நிலம் யாருடையது என்பதையும் சொல்லாமல் போகக்கூடாது. தந்திக் கம்பி ரயில்பாதையோடு போனது. ரயில்பாதை லக்கோட்டா, ஷயென் மக்களின் நிலத்தின் குறுக்கே போனது. நிலையங்களில் பல கோட்டைகளிலும் கோட்டைகளை ஒட்டிய ஊர்களிலும் இருந்தன. 1868இல் லாரமி கோட்டையில் லக்கோட்டாக்களுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் பத்தாண்டு முடிவதற்குள் முறிக்கப்பட்டது. சிகாகோத் துறைமுகத்தில் ஏறிய கொடியால் மாலுமிகள் பிழைத்தார்கள். அந்தக் கொடிக்கான செய்தி புறப்பட்ட இடத்தில் ஒரு மக்கள்கூட்டம் தன் சமவெளியை இழந்துகொண்டிருந்தது. வானிலைத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கம்பியே போதுமானால் 1871 அக்டோபர் 8 ஏன் நடந்தது என்பது இதைவிடக் கடினமான மறுப்பு. மழையற்ற கோடையைத் தொடர்ந்து வந்த இலையுதிர்காலம். மரவெட்டுக் கழிவுகள் விஸ்கான்சின் காடுகளில் சருகாகக் கிடந்தன. நிலம் திருத்தவும் ரயில்பாதை போடவும் மூட்டிய சிறு தீக்கள் வாரக்கணக்கில் கனன்றன. மேற்கே ஒரு தாழ்வழுத்தம் வலுவடைந்து நகர, அதன் குளிர் வளிமுகத்துக்கு முன்னால் வீசும் தென்மேற்குக் காற்று அந்தக் கனல்களை ஒன்றாக்கியது. பெஷ்டிகோ என்ற மரத்தொழில் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஒரே இரவில் இறந்தவர்கள் 1,200க்குக் குறையாது. அதே இரவில் சிகாகோ எரிந்தது, அங்கே ஏறத்தாழ 300 உயிர்கள். மறுநாள் இரவுதான் மழை வந்தது. சமிக்ஞைப் பிரிவு அப்போது ஓராண்டுக் குழந்தை. மேற்கின் அளவீடுகள் வாஷிங்டனுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. காற்று வலுக்கும் என்று சொல்ல அவர்களால் முடிந்திருக்கலாம். ஆனால் யாரிடம் சொல்வது? ஏற்பாடு முழுவதும் கப்பலுக்காகச் செய்யப்பட்டது. காட்டோரக் குடிசைக்கு ஒரு கொடியும் இல்லை. இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது: கம்பியின் மேற்கு முனை எவ்வளவு முக்கியமோ, செய்தி போய்ச்சேரும் முனையும் அவ்வளவு முக்கியம். காடழிப்பின் கேடுகளைப் பற்றி விஸ்கான்சின் அரசுக்கு 1867இலேயே அறிக்கை தந்த குழுவில் முதன்மையானவர் அதே லாப்பம் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இனி பெர்கன். 1917இல் லைப்சிக்கிலிருந்து நார்வே திரும்பிய வில்ஹெல்ம் பியர்க்னஸ், பெர்கனில் தம் ஆய்வகத்தை அமைத்தார். போரினால் வானிலை ராணுவ ரகசியமாகிவிட்டது. பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த தந்திகள் நின்றன. அவருடைய மேற்கிலும் அதே அட்லாண்டிக். ஃபிட்ஸ்ராய்க்கு இருந்ததைவிடவும் இருண்ட அட்லாண்டிக். தானிய இறக்குமதி சுருங்கியிருந்ததால் 1918 கோடையில் உழவர்களுக்கு மழைச்செய்தி சொல்லியே ஆக வேண்டும். மேற்கே கண் வைக்க முடியாதபோது இருக்கும் இடத்தில் கண்களைப் பெருக்கினார்கள். மேற்குக் கரை நெடுகப் பார்வை நிலையங்கள் பல மடங்காயின. அந்த நெருக்கமான அளவீடுகளில்தான், வில்ஹெல்மின் மகன் யாக்கோப் பியர்க்னஸ் தம் 21ஆம் வயதில், காற்றுகள் வந்து மோதும் கூர்மையான கோடுகளைப் பார்த்தார். 1919இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. படைகள் எதிரெதிராக நிற்கும் போர்முனைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லையே அந்தக் கோட்டுக்கும் வைத்தார்கள். நாம் அதை வளிமுகம் என்று மொழிபெயர்த்தபோது பதுங்குகுழியின் நெடி போய்விட்டது. பெர்கனின் பெருமையை நான் குறைக்கவில்லை. கோடு வரையத் தெரிந்த பிறகு, ‘நாளை மழை’ என்பது ‘பிற்பகலில் மழை, மாலையில் தெளிவு’ ஆயிற்று. ஆனால் அந்தக் கூர்மை ஒரு பற்றாக்குறைக்குக் கிடைத்த ஈடு. மேற்கிலிருந்து தந்தி வந்துகொண்டிருந்தால், மேகத்தின் உருவத்தையும் காற்றின் சிறு திருப்பத்தையும் வைத்துக் கண்ணில் படாத புயலின் உடலமைப்பை ஊகிக்கும் தேவையே அவர்களுக்கு எழுந்திருக்காது.

அமெரிக்க வானிலைத் துறை இந்தக் கோட்பாட்டை ஏற்க ஏறத்தாழ இருபது ஆண்டு தாமதித்ததை, வரலாற்றாசிரியர்கள் பலர் பிடிவாதம் என்று கடிந்துகொள்வதுண்டு. பிடிவாதமும் இருந்திருக்கும். ஆனால் கப்பலுக்கும் வயலுக்கும் நாளொன்று முன்னதாகச் சொல்லும் வேலையைக் கம்பியும் வரைபடமும் செய்துகொண்டிருந்தபோது, புதிய கோடுகளின் தேவை அவர்களுக்குத் தெரியவில்லை. தேவையை உருவாக்கியது ஆகாயப் பயணம். விமானிக்கு நாளை எப்படி என்பது போதாது. எந்த மணியில், எந்த மலைக்கு முன், எவ்வளவு உயரத்தில் மேகம் என்பது வேண்டும். 1933 ஏப்ரலில் கடற்படையின் அக்ரான் வான்கப்பல் நியூ ஜெர்சி கரைக்கப்பால் புயலில் விழுந்து 73 பேர் இறந்தபோது கேள்விகள் கூர்மையாயின. பெர்கனில் பயின்று வந்த கடற்படை அதிகாரி பிரான்சிஸ் ரைக்கல்டர்ஃபர் 1938இல் துறைத் தலைவரானார்.

வட்டாரத்துக்கென்று சொல்லும் செய்தி ஓர் ஊருக்குப் பொருந்துமா, உள்ளூர்க்காரர் வானத்தையும் காற்றையும் பார்த்துச் சொல்வதைவிட அது எந்த விதத்தில் மேல் என்பது எப்போதும் எழும் ஐயம். இதற்கு விஸ்கான்சினின் கிரான்பெரி சதுப்புகளைவிட நல்ல சோதனைக்களம் கிடையாது. செப்டம்பர் இறுதியில் காய் சிவக்கும்போதுதான் குளிர் வளிமுகங்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கும். வளிமுகம் கடந்த முதல் இரவில் காற்று அடித்துக்கொண்டிருக்கும். அது மேலடுக்குக் காற்றையும் தரையோரக் காற்றையும் கலக்கிவிடுவதால் உறைபனி பெரும்பாலும் தள்ளிப்போகும். இரண்டாம் இரவில் உயரழுத்தத்தின் நடுப்பகுதி தலைக்குமேல் வந்து நிற்கும். காற்று ஓயும், மேகம் இராது, வறண்ட வானத்தின் வழியே நிலத்தின் சூடு வெளியேறிவிடும். கனத்த குளிர் பள்ளத்தை நோக்கி வழிந்து சதுப்பில் தேங்கும். உயரழுத்தத்தின் நடுப்பகுதி எங்கே வந்து நிற்கும் என்பதை எந்த உள்ளூர் வானமும் காட்டாது. மேற்கே உள்ள டகோட்டாவின் காற்றழுத்தமானிதான் காட்டும். அது நின்ற பிறகு சதுப்பில் எத்தனை டிகிரி இறங்கும் என்பதை டகோட்டா சொல்லாது. சதுப்பில் வைத்த வெப்பமானிதான் சொல்லும். சிகாகோவில் இந்த வட்டாரத்தின் முன்னறிவிப்புக்குப் பொறுப்பாக இருந்த ஹென்றி காக்ஸ் இரண்டையும் இணைக்க முனைந்தார். சதுப்புகளுக்குள்ளேயே கருவிகளை வைத்து அளந்து 1910இல் அவர் வெளியிட்ட ஆய்வு, நகரத்து நிலையத்தில் உறைநிலைக்கு வெகு மேலே இருக்கும் இரவிலும் சதுப்பில் பனி விழும் என்று காட்டியது. மணல் பரப்பி நீர் வடித்த பாத்திகள் பாசி படர்ந்த பாத்திகளைவிட வெதுவெதுப்பாக இருப்பதையும் காட்டியது. எச்சரிக்கை வந்த பிற்பகலில் சதுப்புக்காரர் மதகுப் பலகைகளை எடுத்து, தேக்கத்து நீரை வாய்க்கால்களில் விட்டுக் கொடிகளின்மேல் ஏற்றுவார். நீர் பாத்தி முழுவதும் பரவ மணிக்கணக்கில் ஆகும். அதனால் சிகாகோவிலிருந்து வரும் அந்த ஒற்றை வரி, பொழுது சாய்வதற்குள் அவர் கைக்குக் கிடைத்தாக வேண்டும்.